போத்தலில் ஒட்டும் பெயர்

1945ஆம் ஆண்டு ஐரோப்பாவில் யுத்தம் முடிந்தபோது, பிரான்சின் போர்தோ நகருக்கு வடக்கே மெடொக் பகுதியிலுள்ள ஒரு முந்திரிகைத் தோட்டத்தின் சொந்தக்காரர், அவ்வருட வைன் போத்தல்களில் ஒட்டவேண்டிய லேபிளுக்குப் படம் வரைந்து தரும்படி பிலிப் சூலியான் என்னும் இளம் ஓவியரைக் கேட்டுக்கொண்டார். சூலியான் வரைந்து கொடுத்தது வெற்றியைக் குறிக்கும் 'வி' என்ற எழுத்தை. தோட்டத்தின் பெயர் மூத்தோன் றோத்சைல்ட். சொந்தக்காரரின் பெயர் பிலிப் த றோத்சைல்ட். யூதரான அவருடைய தோட்டத்தை விசி அரசாங்கம் பறித்திருந்தது. அவர் தப்பிச் சென்று சுதந்திர பிரெஞ்சுப் படையிற் சேர்ந்தார். அவருடைய மனைவி எலிசபெத், றாவன்ஸ்புறூக் வதைமுகாமில் 1945 மார்ச் மாதத்தில் மாண்டார். அவ்வருடம் மே மாதத்தில் விழுந்த உறைபனி அரும்புகளைக் கருக்கியதால் விளைச்சலும் சுருங்கியது. இவ்வளவும் அந்த ஓரெழுத்தின் பின்னால் நிற்கின்றன. போத்தலைக் கையில் எடுத்தவனுக்கோ வெற்றி மட்டுமே தெரிந்தது.

அன்று தொடங்கிய வழக்கம் ஆண்டுக்கோர் ஓவியர் என்ற முறையில் நிலைத்துவிட்டது. 1947இல் சான் கொக்தோ, 1955இல் ஜோர்ஜ் பிராக், 1958இல் சல்வடோர் டாலி, 1964இல் ஹென்றி மூர், 1970இல் மார்க் சாகல், 1975இல் அன்டி வோஹோல் என்று இருபதாம் நூற்றாண்டின் ஓவிய வரலாற்றையே அப்போத்தல்களில் வரிசையாகப் பார்க்கலாம். ஓவியர்களுக்குக் கொடுக்கப்படுவது பணமன்று, வைன் பெட்டிகளே. படத்துக்காகவே போத்தலைத் தேடி வாங்குவோரும், வாங்கியதைத் திறவாமலே பூட்டி வைப்போரும் உளர். குடிப்பதற்கென்று ஆக்கப்பட்ட பண்டம் குடிக்கப்படாத காரணத்தாலேயே விலையேறுவது சந்தையின் விந்தைகளுள் ஒன்று.

மூத்தோன் என்பது தமிழ்க் காதுக்கு இனிய பெயராய் இருக்கின்றது. பிரெஞ்சு மொழியில் அதற்குச் செம்மறியாடு என்பதே பொருள். தோட்டத்தின் சின்னமும் செம்மறிக் கடாவின் தலைதான்.

ஒரு தமிழாசிரியனுக்குப் பிரெஞ்சு வைனின் லேபிளில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். வலிகாமத்துச் செம்மண்ணில், முந்திரிகைப் பந்தல்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எமது வீட்டுப் பந்தல் நீர் இறைக்க ஆளின்றிக் கருகியது. திரும்பி வந்து நட்ட கொடி இன்றும் நிற்கிறது. (நான் முந்திரிகை என்று எழுதுவது திராட்சையை. தமிழகத்து நண்பர்கள் இச்சொல்லைக் கேட்டால் ஒரு பருப்பை நினைப்பார்கள். அதனை நாம் கஜு என்கிறோம். யாழ்ப்பாணத்தான் முந்திரிகைத் தோட்டம் என்றால் அவன் அண்ணாந்து பார்க்கும் பந்தலைச் சொல்கிறான் என்றே கொள்ளவேண்டும்.) கடந்த வருடம் எமது கிராமத்துச் செய்கையாளர் 11 பேர் சேர்ந்து ஒரு குழுவாயினர். பழத்தைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு வந்த விலையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதை விட, மிஞ்சும் பழத்தையேனும் ரசமாகவும், அனுமதி கிடைத்தால் வைனாகவும் போத்தலில் அடைக்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். லேபிளில் இருக்கவேண்டிய வாசகத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. படம் வரையும் பொறுப்பு எமது பாடசாலைச் சித்திர ஆசிரியரிடம் போயிற்று. அரசாங்கப் பத்திரங்கள் லேபிளைச் சுட்டுத்துண்டு என்று குறிப்பிடுகின்றன. நல்ல சொல்தான். அத்துண்டு யாரைச் சுட்டுகின்றது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது.

வைன் ஆக்குவது எளிய காரியம் என்று எவரும் நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்திற் பெரும்பாலும் வளர்வது 'இசுரேல் புளூ' என்னும் இனம், உண்பதற்கு உரியது. வைனுக்கென்று வளர்க்கப்படும் இனங்களின் பழம் சிறியது, தோல் தடித்தது, விதை மிகுந்தது. சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் சாற்றிலிருந்து வருவன அல்ல, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவன. மூத்தோனில் மிகுதியாக நிற்கும் கபர்னே சோவின்யோன் அவ்வாறானது. மற்றொரு வேறுபாடும் உண்டு. குளிர்நாட்டுக் கொடி மாரியில் உறங்கி, ஆண்டுக்கு ஒருமுறையே காய்க்கும். ஆகவேதான் அங்கே போத்தலில் வருடத்தைப் பெரிதாகப் பொறிக்கிறார்கள். அவ்வருடத்து வெயிலும் மழையும் உறைபனியும் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். எமது கொடிக்கு உறக்கம் இல்லை. நாம் கத்தரித்தால் அது துளிர்க்கும். ஏறத்தாழ நான்கு மாதத்திற் பழம் தரும். வருடத்துக்கு இருமுறை இப்படிச் செய்யலாம். இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது வானமன்று, கத்தரி பிடித்த கை. லேபிளில் என்ன வருடம் போடுவது என்று குழுவினர் கேட்டபோது, வருடத்தோடு கத்தரித்த மாதத்தையும் போடுவதே உண்மை என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இரசாயன ஆசிரியை பாடசாலை ஆய்வுகூடத்து நீரமானியைக் கொண்டுவந்து சாற்றின் இனிப்பை அளந்து தந்தார். ரசத்துக்கு அது போதும். வைனுக்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், விண்ணப்பம் எழுதப்பட்டுள்ளது. தோலகட்டி ஆச்சிரமத்தின் நெல்லி ரசத்தையும் வைனையும் அறிந்த நாடு இது. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு வியாபாரி வந்தார். நல்ல மனிதர், கடுஞ்சொல் பேசாதவர். ரசம் முழுவதையும் பீப்பாவோடு தாமே வாங்கிக்கொள்வதாகவும், காசை உடனே தருவதாகவும், போத்தலும் லேபிளும் தம்முடையவையாக இருக்கும் என்றும் சொன்னார். குழுவிற் பாதிப்பேருக்கு முகம் மலர்ந்தது. கடன் உள்ளவனுக்குக் கைக்காசைவிட அழகான படம் எதுவும் இல்லை.

மூத்தோனின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றிரவுதான். படித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. அத்தோட்டத்து லேபிளின் கதை 1945இல் தொடங்கவில்லை. அதற்கு முன், மெடொக்கின் பெருந்தோட்டங்கள்கூடத் தமது வைனைப் பீப்பாக்களிலேயே விற்றுவந்தன. போர்தோவின் சார்த்றோன் கரையிலிருந்த வணிகர்கள் அதை வாங்கித் தமது கிடங்குகளில் வைத்து, முதிரச் செய்து, போத்தலில் அடைத்து, லேபிள் ஒட்டினார்கள். உள்ளே இருப்பது எது, எதனோடு எது கலந்தது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. 1922இல், தமது இருபதாவது வயதில் தோட்டத்தைப் பொறுப்பேற்ற பிலிப் த றோத்சைல்ட், 1924ஆம் ஆண்டின் விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே போத்தலில் அடைப்பதென முடிவுசெய்தார். அதற்கென்று சுவரொட்டி ஓவியரான சான் கார்லுவைக் கொண்டு ஒரு லேபிளை வரைவித்தார். கடாத்தலையும், அக்குடும்பத்தின் ஐந்து அம்புகளும், கோடுகளாலும் கட்டங்களாலுமான புதுப்பாணியில் அமைந்த படம். வணிகர்களுக்கு அது உவப்பாக இல்லை. சில வருடங்களில் அந்த லேபிள் கைவிடப்பட்டது. ஆனால் தோட்டத்திலே அடைத்தல் என்ற வழக்கம் கைவிடப்படவில்லை. லேபிளின் அழகைப் பற்றி எழுதுவோர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். என் கணிப்பில் முழுக் கதையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. போத்தலில் அடைப்பவன் எவனோ அவனே பெயர் வைக்கிறான். பெயர் வைப்பவன் எவனோ அவனே விலை சொல்கிறான்.

அப்படியென்றால் நாமும் மூத்தோனைப் பின்பற்றலாமே என்று குழுவில் ஓர் இளைஞர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. தோட்டத்திலேயே அடைப்பதென்றால் பீப்பாக்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கவேண்டும். அதற்கு இடம் வேண்டும். 1926இல் மூத்தோனில் நூறு மீற்றர் நீளமான கிடங்கு ஒன்று கட்டப்பட்டது இதற்காகவே. இடத்தை விட முக்கியமாக, காசு வராத காலத்தைத் தாங்கும் வல்லமை வேண்டும். அது ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிக் குடும்பம் ஒன்றின் வாரிசுக்கு இருந்தது. 1930இன் விளைச்சல் பழுதாகப் போனபோது கூட அவர் கலங்கவில்லை. அதைப் பெருந்தோட்டத்தின் பெயரில் விற்காமல் 'மூத்தோன் கதே' என்று வேறொரு வைனை உருவாக்கினார். கதே என்றால் இளையவன். குடும்பத்தில் அவர் இளைய மகன். (மூத்தோன் இளையவன்! தமிழில் வாசித்தால் முரண்தொடை.) காலப்போக்கில் அந்தப் புதிய பெயரின் கீழே போர்தோப் பகுதியின் சிறு விவசாயிகள் பலருடைய விளைச்சலும் வந்து கலந்தது. வணிகரின் கையிலிருந்து தன் பெயரை மீட்டவர், மற்றவர்களின் பெயர்களை விழுங்கும் வணிகராகவும் ஆனார். இதில் அவருடைய குணத்தைக் குறைகூற ஒன்றுமில்லை. பெரிய மூலதனம் செய்கிற வேலை அது.

எமக்குப் பொருத்தமான முன்மாதிரி அதே நாட்டின் தெற்கில் இருந்தது. லாங்டொக் பகுதியிலே, எறோ மாவட்டத்தில் மறோசான் என்றொரு கிராமம். அங்கே சிறு முந்திரிகைச் செய்கையாளர்கள் 1901இல் 'சுதந்திர முந்திரிகைச் செய்கையாளர்' என்ற பெயரில் ஒரு கூட்டுறவைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் சோசலிஸ்டுகள். வணிகர்களை விலக்கி, பாரிஸ் நகரத்துத் தொழிலாளரின் நுகர்வோர் கூட்டுறவுகளுக்குத் தமது வைனை நேரே விற்றார்கள். 1905இல் பொதுவான ஒரு வைன் கிடங்கையும் கட்டினார்கள். அதே வருடம் ஜான் ஜோரெஸ் அக்கிராமத்துக்கு வந்து பார்த்து, தமது 'லுமானித்தே' பத்திரிகையில் எழுதினார். எல்லோரும் ஒவ்வொருவருக்காக, ஒவ்வொருவரும் எல்லோருக்காக என்ற வாசகம் அக்கட்டிடத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டது. ஓவியர் எவரும் வரையாத லேபிள் என்று அதனைச் சொல்லலாம்.

அந்த மண்ணில்தான் 1907ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் வெடித்தது. சீனியும் தண்ணீரும் கலந்து உண்டாக்கிய போலி வைன் சந்தையில் மலிந்தது, விளைச்சலும் மிதமிஞ்சியிருந்தது, உண்மையான வைனின் விலை விழுந்தது. அர்செலியே என்ற கிராமத்தில் சிறிய தோட்டமும் ஒரு கோப்பிக்கடையும் வைத்திருந்த மார்சலென் அல்பேர், மார்ச் மாதத்தில் 87 பேரோடு நார்பொன் நகருக்குப் புறப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9ஆம் திகதி மொன்பெலியே நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர் என்பர். கிளெமொன்சோவின் அரசாங்கம் படையை அனுப்பியது. நார்பொன்னில் சனங்களின்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, உயிர்கள் பலியாயின. அப்பகுதியின் பிள்ளைகளையே சிப்பாய்களாகக் கொண்ட 17ஆம் காலாட் படைப்பிரிவு, கட்டளையை மீறிப் பெசியே நகருக்குத் திரும்பி நடந்தது. பின்னர் அவர்கள் துனீசியாவின் கப்சாவுக்கு அனுப்பப்பட்டனர். ஜூன் 29ஆம் திகதி வைனில் நீரும் சீனியும் கலப்பதற்கு எதிரான சட்டம் வந்தது. 1935இல், விளைந்த ஊரின் பெயரைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. இன்று எந்தப் பிரெஞ்சு வைனின் லேபிளிலும் நாம் வாசிக்கும் ஊர்ப்பெயர் வெறும் அலங்காரமன்று. ஓவியர்கள் படம் வரையத் தொடங்குமுன்பே தெருவில் இறங்கிய சனங்கள் தமது பங்கை எழுதிவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் நான் குழுவின் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். வரலாறு கேட்டு ஒருவருடைய கடனும் தீர்ந்துவிடவில்லை. முடிவில், ரசத்தில் மூன்றிலொரு பங்கை வியாபாரிக்குக் கொடுப்பது, மிச்சத்தைத் தமது பெயரில் அடைப்பது என்று தீர்மானித்தார்கள். அரைகுறையான தீர்மானம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். வட்டிக்கு வாங்கியவனின் வாசலில் நின்று சொல்லிப் பார்க்கவேண்டும்.

படத்தின் கதை வேறு. சித்திர ஆசிரியர் முதலில் வரைந்து தந்தது ஒரு பழக்குலை. பக்கத்திலே குடமேந்திய பெண். அழகாகவே இருந்தது. இப்படத்தை நாம் எங்கே கண்டோம் என்று நான் கேட்டேன். அவரே சிரித்துக்கொண்டு, தேயிலைப் பெட்டியில் என்றார். மலையகத்தின் தேயிலைப் பெட்டிகளில் எத்தனை கொழுந்து பறிக்கும் பெண்கள் புன்னகை செய்கிறார்கள்! முகம் உண்டு, கூடை உண்டு, நிறைந்த பச்சை உண்டு. பெயர் மட்டும் இல்லை. நாட்கூலிக்காக அவர்கள் நடத்திய போராட்டங்களுக்கு அப்பெட்டியில் இடம் ஏது? உழைப்பவரைப் படத்தில் போடுவதே உழைப்பை மதிப்பதாகாது. சில வேளைகளில் அது மறைப்பதற்கு நல்ல வழியாகவும் அமையும்.

வசதியான உதாரணம் ஒன்றைச் சிலர் சொல்வதுண்டு. பிக்காசோ 1944 முதல் தமது மரணம் வரை பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். அவருடைய படம் றோத்சைல்டின் 1973ஆம் ஆண்டுப் போத்தலில் ஏறவில்லையா என்பர். ஏறியது உண்மை. அது அப்போத்தலுக்கென்று வரையப்பட்டதன்று. தோட்டத்து அருங்காட்சியகத்தில் முன்பே இருந்த படம். 1973 ஏப்ரலில் அவர் காலமானதை நினைவுகூர்ந்து இட்டார்கள். அதே வருடத்தில்தான், 1855 முதல் இரண்டாந் தரமாயிருந்த மூத்தோன் அரசாணையினால் முதலாந் தரமாயிற்று. ஓவியரின் கட்சி உறுப்புரிமை போத்தலின் விலையை ஒரு சதமும் குறைக்கவில்லை. கலைஞன் எந்தப் பக்கம் என்பதைவிட, அவன் படம் யாருடைய கையில் எதற்குப் பயன்படுகிறது என்பதே கேட்கவேண்டியது.

அதே றோத்சைல்ட், கலிபோர்னியாவின் றொபர்ட் மொண்டாவியோடு கூட்டுச் சேர்ந்து 'ஓப்பஸ் வண்' என்ற புதிய வைனை ஆக்கினார். 1979இன் விளைச்சலே முதலாவது. அதன் லேபிளில் இரு முதலாளிகளின் பக்கமுகங்களும் நிழலுருவமாக ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. இவ்வளவு வெளிப்படையான லேபிள் வேறு கிடையாது! ஆனால் கலிபோர்னியாவின் முந்திரிகைக்கு வேறொரு சின்னமும் உண்டு. 1962இல் பண்ணைத் தொழிலாளர் சங்கம் ஒன்றை அமைத்த சீசர் சாவெஸ், அதற்குக் கருங்கழுகு ஒன்றைச் சின்னமாக்கினார். வரைந்தவர் அவருடைய சகோதரர் றிச்சர்ட். சிறகுகளைப் படிக்கட்டுப்போல நேர்கோடுகளாலே அமைத்தார்கள். சித்திரம் பயிலாத தொழிலாளியும் அதைத் தன் கொடியில் வரைந்துகொள்ளவேண்டும் என்பதற்காக. 1965 செப்டெம்பரில் டெலானோவிலே முதலில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் லறி இட்லியோங் தலைமையிலான பிலிப்பைன்ஸ் தொழிலாளர். பின்னர் மெக்சிக்கோத் தொழிலாளர் இணைந்தனர். நாடெங்கும் சனங்கள் முந்திரிகை வாங்க மறுத்தனர். 1970இல் டெலானோத் தோட்டக்காரர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டபின், அக்கழுகு பழப்பெட்டிகளின் மேல் ஏறியது. எஸ்தர் ஹெர்னாண்டஸ் என்னும் ஓவியர், அதே பள்ளத்தாக்கின் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர், 1982இல் ஒரு பிரபல முந்திரிகை வற்றலின் லேபிளையே திருப்பி வரைந்தார். பெட்டியிற் சிரிக்கும் பெண்ணுக்குப் பதிலாக எலும்புக்கூடு, கையில் பழத்தட்டு. தோட்டங்களில் தெளித்த நச்சுமருந்து கிணற்றுநீரிற் கலந்ததைச் சொல்லும் படம் அது. செம்மண் கிணற்றுநீரைக் குடிக்கும் எமக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

எமது சித்திர ஆசிரியரை ஒரு கத்தரிப்பு நாளிற் பந்தலுக்கு அழைத்துச் சென்றேன். வெட்டிய கொடியின் நுனிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் இதனைக் கொடியின் அழுகை என்பர். இலையற்ற பந்தலையும், கத்தரி பிடித்த ஒரு கையையும், நுனியில் ஒரு துளியையும் அவர் வரைந்தார். குழுத்தலைவருக்குப் பிடிக்கவில்லை. "காஞ்ச தடியைப் போட்டால் ஆர் வாங்கப் போயினம், மாஸ்ரர்?" என்றார். வாக்கெடுப்பிற் படம் ஒரு வாக்கால் வென்றது. தலைவரின் கேள்விக்கு வாக்கெடுப்பு பதிலாகாது என்பதும் எனக்குத் தெரியும். அதற்குச் சந்தைதான் பதில் சொல்லவேண்டும்.

வகுப்பில் நான் புறநானூறு கற்பிக்கிறேன். பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலை நக்கீரர் வாழ்த்தோடு பாடியிருப்பது மாணவர் அறிந்ததே. அத்தேறல் வந்த சாடிகளின் உடைந்த துண்டுகளை அரிக்கமேட்டில் மோட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்து எடுத்தார். கூடவே, இத்தாலியிலிருந்து வந்த அரெற்றைன் வட்டில்களின் துண்டுகளும் கிடைத்தன. அவ்வகை வட்டில்களின் அடியில் முத்திரைகள் உண்டு. பட்டறைச் சொந்தக்காரனின் பெயரோடு, வனைந்த அடிமையின் பெயரும் பல முத்திரைகளிற் காணப்படுகின்றது. ஒரு மாணவி கேட்டாள், "சேர், அடிமைக்குச் சம்பளம் இல்லை, பேர் மட்டும் ஏன் போட்டவை?" கணக்குப் பார்ப்பதற்காக இருக்கலாம் என்றேன்; எவன் எத்தனை வனைந்தான், எவனுடையது உடைந்தது என்று அறிய. அவள் விடவில்லை. "அப்ப பேர் போட்டது அவனுக்காக இல்லை."

இக்கேள்வி என் மனதில் இருந்தபடியாற்போலும், லேபிளின் வாசகத்தை எழுதியபோது 11 செய்கையாளரின் பெயர்களுக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒரு பெயரையும் எழுதினேன். அவர் அயற்குறிச்சியைச் சேர்ந்தவர். நிலமில்லாதவர். எமது கிராமத்துப் பந்தல்களில் அரைவாசிக்கு மேல் அவருடைய கத்தரியால் துளிர்ப்பவை. எந்தக் கணுவிற் காய் வரும், எந்தக் கணு ஏமாற்றும் என்பதை விரலால் தடவிச் சொல்லக்கூடியவர். நாட்கூலிக்கு வருவார், தேநீர் வெளியில் நின்று குடித்த காலமும் உண்டு. அந்தப் பெயரை வாசித்ததும் கூட்டம் அமைதியாயிற்று. தலைவர்தான் பேசினார். "கூலி குடுத்தாச்சுத்தானே, மாஸ்ரர். பேரும் போடவேணுமோ?" இன்னொருவர், உறுப்பினரல்லாதவரின் பெயரைப் போட யாப்பில் இடமில்லை என்றார். யாப்பைப் பற்றி அவர் அதற்கு முன் ஒருநாளும் பேசியவரல்லர். சொல்லப்படாத காரணம் வேறு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பழம் கழுவித் தெரியும் பெண்கள் நால்வரும் கூட்டத்துக்கு வெளியே, கேட்கக்கூடிய தூரத்திலேயே இருந்தார்கள்.

தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். மறுநாள் மாலை நான் அவரைத் தேடிப்போய் விடயத்தைச் சொன்னேன். பெயர் போடுவதற்கு அவருடைய சம்மதத்தையும் கேட்கவேண்டுமல்லவா? சற்று நேரம் கத்தரியைச் சாணையிலே தீட்டிக்கொண்டிருந்தார். "பேரைப் போட்டால் பழம் புளிச்சாலும் என்னைத்தான் கேப்பினம், மாஸ்ரர்," என்றார். பிறகு, "பேர் ஒரு பக்கம் கிடக்கட்டும். கூலியோடை, போத்தலுக்கு இவ்வளவெண்டு ஒரு பங்கும் தருவினமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அந்தப் பெட்டையளுக்கும் சேர்த்துக் கேளுங்கோ," என்றார்.

மூத்தோனின் ஓவியர்களுக்கு வைனாகவே பங்கு கிடைக்கின்றது என்று நான் படித்ததை அவருக்குச் சொன்னேன். "அப்ப அங்கை பழம் பிடுங்கிறவைக்கு?" என்று கேட்டார். நாட்கூலி என்றேன். தலையை ஆட்டினார், வியப்படைந்ததாகத் தெரியவில்லை.

நிலம் இல்லாதவரும் உழைப்பைப் பங்காக வைத்து உறுப்பினராகலாம் என்று யாப்பைத் திருத்தும் பிரேரணை ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழிமொழிவதற்குச் சித்திர ஆசிரியர் ஆயத்தம். அவருக்கோ எனக்கோ வாக்கு இல்லை, ஆகவே 11 பேரில் ஒருவர் முன்மொழியவேண்டும். மூத்தோனைப் பின்பற்றலாமே என்று கேட்ட அந்த இளைஞர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நிலம் இன்னும் அவருடைய தகப்பன் பெயரில் இருக்கிறது. அச்சகத்துக்காரர் லேபிளின் அளவைக் கேட்டு இருமுறை ஆள் அனுப்பிவிட்டார். பெயர்களுக்குக் கீழே ஐந்து வரிக்கு இடம் விட்டு அளவு சொல்லியிருக்கிறேன். கூட்டம் அடுத்த மாதம், இரண்டாம் கத்தரிப்புக்கு முன்.